ஆறு எவர் பொறுப்பு?

பொருளாதாரம் கற்பிப்பவர்கள் பொதுவளம் பற்றிய பாடத்துக்கு வரும்போது பெரும்பாலும் மீனையே எடுத்துக்காட்டாகக் கொள்வார்கள். ஓர் ஏரியில் மீன் பிடிக்க ஊரார் எல்லாருக்கும் உரிமை உண்டு. நாளைக்கு இருக்கட்டும் என்று ஒருவர் விட்டுவைக்கும் மீனை அடுத்தவர் பிடித்துக்கொள்வார். ஆகவே, எவரும் விட்டுவைப்பதில்லை, ஏரி வறிதாகிவிடுகிறது. ஸ்காட் கார்டன் 1954-இல் கடல் மீன்வளத்தைக் கொண்டு இதை விளக்கினார். காரெட் ஹார்டின் 1968-இல் மேய்ச்சல் நிலத்தைக் கொண்டு விளக்கினார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பாடத்தைக் கல்லூரியில் நடத்தியவன் நான்.

அவ்விருவருக்கும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, எந்த வரைபடமும் சமன்பாடும் இல்லாமல், லண்டன் துணி வணிகர் ஒருவர் இதே கருத்தைத் தம் நூலில் எழுதிவைத்திருந்தார். எல்லாருக்கும் உரிய வேலை எவருக்கும் உரியதாகாமல் போய்விடுகிறது என்ற பழமொழியை, ஆற்று மீன்களைப் பற்றிய வருத்தத்தோடு அவர் நினைவுகூர்ந்தார். அவர் பெயர் ஐசக் வால்டன். தூண்டில் மீன்பிடிப்பு பற்றி 1653-இல் அவர் வெளியிட்ட ‘தி கம்ப்ளீட் ஆங்லர்’ என்ற நூல், அன்று முதல் நூற்றுக்கணக்கான பதிப்புகளைக் கண்டிருக்கிறது.

மாணவப் பருவத்தில் சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடை ஒன்றில் அட்டை கிழிந்த அதன் மறுபதிப்பைச் சில ரூபாய்க்கு வாங்கினேன். மீன்பிடிக்கும் உத்திகளைக் கூறும் நூல் என்று எண்ணி அப்போது பாதியில் மூடிவிட்டேன். பணி ஓய்வுக்குப் பிறகே முழுமையாகப் படித்தேன். நூலைவிட அதை எழுதியவரின் வாழ்க்கை என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது.

வால்டன் 1593-இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட் நகரில் பிறந்தார். தந்தை விடுதி நடத்தியவர். மகனுக்கு நான்கு வயது நிறைவதற்குள் மறைந்தார். பல்கலைக்கழகப் படிப்பு வாய்க்கவில்லை. இளமையிலேயே லண்டனுக்குச் சென்று, துணி வணிகம் செய்துவந்த உறவினரிடம் தொழில் பழகினார். 1618-இல் இரும்பு வணிகர் சங்கத்தில் உறுப்பினரானார். துணி விற்பவர் இரும்பு வணிகர் சங்கத்தில் சேர்வது அக்காலத்து வழக்கத்தில் வியப்பன்று. நகரில் தொழில் நடத்த ஏதேனும் ஒரு சங்கத்தின் உரிமை தேவைப்பட்டது. ஃப்ளீட் தெருவில் சிறிய கடை ஒன்றை நடத்தினார்.

கடைக்கு அருகில் இருந்தது புனித டன்ஸ்டன் தேவாலயம். அங்கே 1624 முதல் குருவாக இருந்தவர் பெருங்கவிஞர் ஜான் டன். பட்டம் பெறாத கடைக்காரரும் இங்கிலாந்தின் தலைசிறந்த சொற்பொழிவாளரும் நண்பர்களாயினர். டன் வழியாக அவருடைய நண்பர் சர் ஹென்றி வாட்டனின் பழக்கமும் கிடைத்தது. பல நாடுகளில் தூதராகப் பணியாற்றிய வாட்டன், பின்னர் ஈட்டன் கல்லூரியின் தலைவராக இருந்தார். தூண்டில் போடுவதில் பெருவிருப்பம் கொண்டவர். தேம்ஸ் கரையில் இருவரும் சேர்ந்து மீன் பிடித்ததுண்டு.

டன்னின் வரலாற்றை எழுதுவதாக வாட்டன் எண்ணியிருந்தார். செய்திகளைத் திரட்டித் தரும் பொறுப்பு வால்டனுடையது. 1639-இல் வாட்டன் காலமானார். டன்னின் சொற்பொழிவுத் தொகுதி அச்சுக்குச் செல்லவிருந்த நிலையில், எழுத்துப் பயிற்சி இல்லாத வால்டனே அந்தப் பணியை ஏற்றார். 1640-இல் அவ்வரலாறு வெளிவந்தது. நாற்பத்தேழு வயதுக் கடைக்காரர் ஒருவர் ஆங்கில வாழ்க்கை வரலாற்று இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவரானது இப்படித்தான். பின்னர் வாட்டன், ரிச்சர்ட் ஹூக்கர், ஜார்ஜ் ஹெர்பர்ட், ராபர்ட் சாண்டர்சன் ஆகியோரின் வரலாறுகளையும் எழுதினார். இவர்கள் பெயர் மறைந்துவிடாமல் காப்பது எவருடைய கடமை என்று கேட்டுக்கொண்டு அவர் காத்திருக்கவில்லை.

அதே 1640-ஆம் ஆண்டு அவருடைய இல்லத்துக்குப் பேரிடியாக அமைந்தது. 1626-இல் மணந்த மனைவி ரேச்சல் அவ்வாண்டில் இறந்தார். அவ்விருவருக்கும் பிறந்த ஏழு குழந்தைகளுள் ஒன்றுகூட வளர்ந்து ஆளாகவில்லை. இரண்டு ஆண்டுகளில் நாடும் பிளந்தது. 1642-இல் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. வால்டன் மன்னர் பக்கம் பற்றுக் கொண்டவர். லண்டனோ நாடாளுமன்றத்தின் கோட்டை. அவர் வழிபட்டுவந்த வழிபாட்டு நூல் 1645-இல் தடை செய்யப்பட்டது. அவருடைய நண்பர்களான குருமார் பலர் பதவியிழந்து ஊர் ஊராக அலைந்தனர். 1649 ஜனவரியில் மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டது.

1651-இல் வூஸ்டர் போரில் இளவல் இரண்டாம் சார்லஸ் தோற்று ஓடியபோது, அவருக்கு உரிய அணிகலன் ஒன்று கைமாறிக் கைமாறி வால்டனிடம் வந்து சேர்ந்தது. அகப்பட்டால் உயிருக்கே ஆபத்து. அவர் அதைப் பத்திரமாக லண்டன் கோபுரச் சிறையில் இருந்த மன்னர் தரப்பு அதிகாரி ஒருவரிடம் சேர்ப்பித்தார். அரசியலில் அவர் செய்த வெளிப்படையான செயல் என்று வரலாறு குறிப்பது இது ஒன்றே. படைக்கலம் ஏந்தவில்லை; பழிதீர்க்கும் துண்டறிக்கைகள் எழுதவில்லை.

இந்தச் சூழலில்தான், அறுபதாவது வயதை நெருங்கியவர், தூண்டில் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். பதிப்பாளர் ரிச்சர்ட் மாரியட். விலை பதினெட்டுப் பென்னி. அதே ஆண்டில்தான் கிராம்வெல் நாடாளுமன்ற உறுப்பினர்களைப் படைவீரர்களைக் கொண்டு வெளியேற்றினார். நாடே இரைந்துகொண்டிருந்த வேளையில், லண்டனுக்கு வடக்கே லீ ஆற்றங்கரையில் மே மாதக் காலையில் நடந்து செல்லும் மனிதர்களின் அமைதியான உரையாடலாக அந்நூல் அமைந்தது. இதை உலகிலிருந்து தப்பி ஓடியவரின் நூல் என்று கருதுவோர் உண்டு. நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் கருதினேன். பைக் மீனைப் பற்றிய பகுதியைக் கவனமாகப் படித்த பிறகு என் கருத்து மாறியது.

பைக் என்றவுடன் நமக்கு இருசக்கர வாகனமே நினைவுக்கு வரும். இது ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா ஆகிய பகுதிகளின் நன்னீரில் வாழும் கொன்றுண்ணி மீன். நீண்ட உடல், வாத்தின் அலகைப் போன்ற தட்டையான முகம், வாய் நிறையக் கூரிய பற்கள், வாலை ஒட்டிப் பின்தள்ளி அமைந்த முதுகுத் துடுப்பு. இரையை நெடுந்தொலைவு துரத்தாது. நீர்ப்பூண்டுகளுக்கு நடுவே அசையாமல் நின்று, அருகில் வருவதன்மீது அம்பெனப் பாயும். நம் ஏரிகளில் விரால் பிடித்தவர்களுக்கு இதன் குணம் எளிதில் விளங்கும். விராலுக்கு உயிருள்ள தவளையை இரையாகக் கோக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. பைக் மீனுக்கும் வால்டன் தவளையைப் பரிந்துரைக்கிறார்.

நீருக்கு நீர் இந்த மீனைத் தேடும் முறை மாறும். ஆற்றில் என்றால், ஓட்டம் தணிந்த வளைவுகளிலும் கரையோரக் கோரைகளின் மறைவிலும் தேட வேண்டும். ஓடும் நீரை எதிர்த்து நின்று வலிமையை வீணாக்க அது விரும்பாது. குளத்தில் என்றால், பூண்டு முடிந்து வெறும் நீர் தொடங்கும் விளிம்பே அதன் இருப்பிடம். பரந்த ஏரிகளில் சிறுமீன் கூட்டம் செல்லும் திசையில் அதுவும் செல்லும். பூண்டுகள் மடியும் குளிர்காலத்தில் ஆழமான பகுதிக்கு இறங்கிவிடும். குளிர் விலகும்போது, முட்டையிடுவதற்காக ஆழமற்ற ஓடைகளிலும் வாய்க்கால்களிலும் ஏறும். எவரும் எளிதில் அதைப் பிடித்துவிடக்கூடிய காலம் அதுதான். பிடிக்கக் கூடாத காலமும் அதுதான்.

வால்டன் பைக் மீனை நன்னீரின் கொடுங்கோலனாகக் காட்டுகிறார். தன் இனத்தையே விழுங்குவது, நீர்நாயோடு இரைக்குப் போராடுவது, நீர் அருந்த வந்த கோவேறு கழுதையின் உதட்டைக் கவ்விக்கொண்டு கரைக்கு இழுபட்டு வந்தது என்று கேள்விப்பட்ட கதைகளை அடுக்குகிறார். பிடிக்கும் வழிகளை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, இரையை ஓரிடத்தில் நிலையாகக் கட்டிவைத்துவிட்டு மனிதர் விலகி நிற்பது. மற்றொன்று, தூண்டிற்கோலோடு கரையில் நடந்தபடி இரையையும் உடன் நடத்திச் செல்வது. குளங்களில் வைக்கோல் கட்டில் தூண்டிலைப் பிணைத்துக் காற்றின் போக்கில் மிதக்கவிடலாம் என்கிறார். வாத்தின் உடலில் கட்டிக் குளத்தின் குறுக்கே ஓட்டும் வேடிக்கையையும் குறிப்பிடுகிறார். பிடித்த மீனைச் சிப்பி, நெத்திலி, வெண்ணெய், நறுமணத் தழைகள், திராட்சை மது ஆகியவற்றைக் கொண்டு சுடும் பக்குவத்தையும் சொல்லித் தருகிறார். இத்தகைய உணவுக்கு உரியவர்கள் தூண்டில்காரர்களும் மிக நேர்மையான மனிதர்களுமே என்பது அவர் முடிவு.

அவரைக் குறையற்றவராக நான் காட்ட விரும்பவில்லை. தவளையின் உடலில் தூண்டில் முள்ளைக் கோக்கும்போது அதை அன்போடு கையாள வேண்டும் என்று அவர் கூறிய இடம் பலரைக் கூச வைத்திருக்கிறது. கவிஞர் பைரன் தம் நெடுங்கவிதை ஒன்றில் வால்டனைக் கொடியவர் என்றே சாடினார். உயிர்களிடம் பரிவு காட்டியவர், அந்தப் பரிவின் எல்லையை உணரவில்லை என்பதே உண்மை.

அறிவியலிலும் அவர் தடுக்கி விழுந்தார். பைக் குஞ்சுகளுள் சில, நீர்ப்பூண்டு ஒன்றிலிருந்து சூரிய வெப்பத்தால் தாமாகவே தோன்றுகின்றன என்று சுவிட்சர்லாந்து அறிஞர் கெஸ்னரைச் சான்று காட்டி எழுதினார். எவரும் மீனை விடாத குளத்தில் பைக் தோன்றுவதற்கு அவருக்கு வேறு விளக்கம் தெரியவில்லை. உயிர்கள் தாமாகத் தோன்றுவதில்லை என்பதை ஈக்களைக் கொண்டு பிரான்செஸ்கோ ரெடி சோதித்துக் காட்டியது 1668-இல்தான்.

இந்தப் பூண்டை முன்வைத்து ஒரு சச்சரவும் நிகழ்ந்தது. ரிச்சர்ட் பிராங்க் என்பவரும் தூண்டில்காரர். ஆனால், கிராம்வெல் படையில் இருந்தவர். ஸ்டாஃபர்ட் நகரில் வால்டனை நேரில் கண்டு, பூண்டிலிருந்து மீன் பிறக்குமா என்று வாதிட்டதாகவும், விடை சொல்ல இயலாத வால்டன் பொறுப்பைக் கெஸ்னர்மீது சுமத்திவிட்டுச் சினத்தோடு அகன்றதாகவும் அவர் தம் நூலில் எழுதியிருக்கிறார். பொறுமையைப் போதித்தவருக்கும் ஒரு நாள் பொறுமை போயிற்று. உண்மை பிராங்க் பக்கமே இருந்தது. ஒரே மீனை நேசித்த இருவரைப் போர் எதிரெதிரே நிறுத்தியிருந்ததை எண்ணும்போது, அறிவுக்கான வாதம் எவ்வளவு எளிதில் அணிகளின் வாதமாகிவிடும் என்பதும் விளங்குகிறது.

பூண்டு பற்றிய பிழையை அறிவியல் திருத்திவிட்டது. அதே நூலில் அவர் சரியாகச் சொன்ன ஒன்றை நாம் இன்னும் கற்று முடிக்கவில்லை. நீர்நாய் வேட்டை பற்றிய பகுதியில், ஆறுகளில் மீன் அருகிவருவதை அவர் பேசுகிறார். நீர்நாயின் மீது பழிபோடுவதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. மீன் முட்டையிடும் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் பிடிக்காமல் விடும் கட்டுப்பாடு காக்கப்படவில்லை. குஞ்சுகளையும் அள்ளும் சிறுகண் வலைகள் வீசப்படுகின்றன என்கிறார். முதலாம் எட்வர்ட் காலத்திலும் இரண்டாம் ரிச்சர்ட் காலத்திலும் இயற்றிய மீன் காப்புச் சட்டங்களைச் சுட்டுகிறார். சட்டம் இருக்கிறது, காக்க வேண்டியவர்கள் கண்மூடியிருக்கிறார்கள். கூட்டில் இருக்கும் தாய்ப்பறவையைக் குஞ்சுகளோடு பிடிக்கலாகாது என்ற விவிலிய விதியையும் நினைவூட்டுகிறார். எல்லாருடைய வேலையும் எவருடைய வேலையும் ஆகாது என்ற பழமொழி வருவது இந்த இடத்தில்தான்.

பைக் மீன் கொடுங்கோலனே ஆயினும் பசிக்கு மேல் கொள்வதில்லை. வலையோடு வரும் மனிதனுக்கு அந்த எல்லை இல்லை. வால்டன் இவ்வாறு ஒப்பிட்டு எழுதவில்லை. இரு பகுதிகளையும் அடுத்தடுத்துப் படித்த எனக்கு அவ்வாறு தோன்றியது. நாட்டைக் காப்பதாகச் சொல்லி இரு தரப்பும் அழித்துக்கொண்டிருந்த நாளில், ஆற்றைக் காக்க ஆளில்லையே என்று வருந்தியவரை உலகைத் துறந்து ஓடியவர் என்று எப்படிச் சொல்வது?

அவர் வாழ்க்கை மீண்டும் தளிர்த்தது. 1640-களின் பிற்பகுதியில் ஆன் கென் என்பவரை மணந்தார். ஒரு மகளும் ஒரு மகனும் வளர்ந்து ஆளாயினர். அந்த மனைவியும் 1662-இல் மறைந்தார். முடியாட்சி மீண்ட பிறகு, பதவி திரும்பப் பெற்ற நண்பர் ஜார்ஜ் மார்லி ஆயரின் ஆதரவில் வாழ்ந்தார். தம் மீன் நூலை 1655, 1661, 1668, 1676 ஆகிய ஆண்டுகளில் திருத்தியும் விரித்தும் வெளியிட்டார். செயற்கை ஈயைக் கொண்டு மீன் பிடிப்பதில் தமக்குத் தேர்ச்சி குறைவு என்பதை அறிந்தவர் அவர். ஆகவே, ஐந்தாம் பதிப்பில் அந்தக் கலையை எழுதும் பொறுப்பைத் தம்மினும் மிக இளையவரான சார்லஸ் காட்டனிடம் ஒப்படைத்தார். லீ ஆற்றின் மெல்லோட்டத்தில் பழகியவர், டவ் ஆற்றின் தெளிந்த விரைநீரை அறிந்தவருக்கு இடம்விட்டார். டவ் கரையில் காட்டன் 1674-இல் கட்டிய மீன்பிடி மாளிகையின் வாயிலில் இருவருடைய பெயர்களின் முதலெழுத்துகளும் பின்னிப் பிணைந்திருக்கின்றன.

1683 டிசம்பர் 15-ஆம் நாள், இங்கிலாந்தைப் பெருங்குளிர் வாட்டிய பருவத்தில், வின்செஸ்டரில் தொண்ணூறு வயதில் அவர் காலமானார். அவ்வூர்ப் பேராலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் எழுதியவற்றுள் பொருளாதார ஆசிரியனான என்னை மிகவும் தொட்டது, இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு அவர் எழுதிய உயில். ஸ்டாஃபர்ட் அருகே ஷாலோஃபோர்டில் அவருக்கு ஒரு பண்ணை இருந்தது. மகன் மணம் செய்துகொள்ளாவிட்டால் அது பிறந்த ஊருக்குச் சேர வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். மகன் மணமாகாமலே மறைந்தார். பண்ணை ஊருக்குச் சேர்ந்தது. அதன் வருவாயில் ஏழைச் சிறுவர் இருவரைத் தொழில் பழக அனுப்ப வேண்டும். எளிய பெண் ஒருவரின் திருமணத்துக்கு உதவ வேண்டும். மீதியில் நிலக்கரி வாங்கி ஏழைகளுக்குத் தர வேண்டும். நிலக்கரியை எப்போது தருவது என்பதையும் அவர் விட்டுவிடவில்லை. ஜனவரி இறுதி வாரத்திலோ பிப்ரவரி முதல் வாரத்திலோ தர வேண்டும். ஏழைகளை மிகவும் வாட்டும் நாள்கள் அவையே என்று காரணமும் எழுதினார்.

மீன் எந்த வாரத்தில் முட்டையிடும் என்று கவனித்த கண்தான், ஏழையின் அடுப்பு எந்த வாரத்தில் அணையும் என்பதையும் கவனித்திருக்கிறது. உதவியின் அளவை மட்டும் கணக்கிடும் நம் திட்டங்கள் பல, உதவியின் காலத்தைக் கணக்கிடத் தவறுவதைப் பணிக்காலம் முழுவதும் பார்த்தவன் என்பதால் அந்த வரி என்னை நிறுத்தியது.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பணியில் இருந்தபோது ஒரு விடுமுறையில் சொந்த ஊர் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். விரால் குஞ்சுகள் செந்நிறத் திரளாக நீர்ப்பரப்பில் நகரும். கீழே தாய்மீன் காவலாக வரும். அந்தத் திரளைக் குறிவைத்துத் தாயைப் பிடித்துவிட்டு, குஞ்சுகளையும் கொசுவலைத் துணியால் அள்ளிக்கொண்டிருந்தனர் சிலர். என்னை அறிந்தவர்கள்தாம். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். குத்தகைதாரர் கேட்கட்டும், ஊராட்சி கேட்கட்டும் என்று எண்ணியபடி கடந்து சென்றேன். விடுமுறை முடிந்து கல்லூரிக்குத் திரும்பியவுடன் நடத்திய பாடம், பொதுவளம் ஏன் அழிகிறது என்பது. அன்று வகுப்பறையில் நான் கூசவில்லை. வால்டனைப் படித்தபோதுதான் கூசினேன்.

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்கள் இனம்பெருக்கும் காலம் என்பதே காரணம். பொதுவளம் அழிந்தே தீரும் என்பது விதியன்று, பயன்படுத்துவோரே கூடி விதிகளை வகுத்துக் காக்க முடியும் என்று ஆராய்ந்து நிறுவிய எலினார் ஆஸ்ட்ரம் 2009-இல் நோபல் பரிசு பெற்றார். ஆகவே, நம்பிக்கைக்கு இடமுண்டு. ஆனால், கடலுக்கு இருக்கும் காவல் ஊர் ஏரிக்கு இருக்கிறதா என்று அவரவர் ஊரில்தான் பார்க்க வேண்டும்.

ஏழு குழந்தைகளையும் இரு மனைவியரையும் தம் மன்னரையும் இழந்த ஒருவர், கசந்து போகாமல், கைக்கு எட்டியவற்றை எல்லாம் தம் பொறுப்பாகக் கொண்டார்: மறைந்த நண்பர்களின் பெயர், ஆற்று மீனின் பருவம், குளிரில் ஏழையின் அடுப்பு. எவரும் அவரிடம் ஒப்படைக்காத வேலைகள் அவை. சென்ற பங்குனியில் ஊருக்குப் போயிருந்தபோது ஏரிக்கரையில் மீண்டும் கொசுவலைத் துணியைக் கண்டேன். இம்முறை நின்று பேசினேன். என் சொல்லுக்கு ஒருவர் செவிசாய்த்தார், மற்றவர் சிரித்தார். அடுத்த பருவத்துக்கும் போக வேண்டும்.

(கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர், பணி ஓய்வு)